மீட்டியோர் 350: எஞ்சின் சரி, முதுகுத்தண்டு?

ராயல் என்ஃபீல்டு மீட்டியோர் 350-இன் எண்களை இனி யாருக்கும் ஒப்பிக்க வேண்டியதில்லை. 2020 நவம்பரில் அறிமுகமான வண்டி. 349 சிசி, 20 குதிரைத்திறன், 15 லிட்டர் டேங்க், 191 கிலோ எடை என்பதெல்லாம் டீக்கடை பெஞ்சிலேயே கிடைக்கும் தகவல்கள். க்ரூஸர் என்றால் நெடுந்தூரத்துக்கானது என்ற நம்பிக்கையில்தான் பலர் இதை வாங்குகிறார்கள். அந்த நம்பிக்கையைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் (ஈசிஆர்) வைத்துப் பார்த்தால் விடை இரண்டாகப் பிரிகிறது. திருவான்மியூரிலிருந்து கடலோரமாகவே கன்னியாகுமரி வரை, 700 கிலோமீட்டருக்கு மேல் தனியாகப் போக நினைப்பவருக்கு இதன் எஞ்சின் ஏறக்குறைய கச்சிதம். உட்காரும் முறைதான் தவறு.

முதலில் எஞ்சின். 72 மி.மீ. போருக்கு 85.8 மி.மீ. ஸ்ட்ரோக் கொண்ட இந்த நீள ஸ்ட்ரோக் எஞ்சின் தன் முழு டார்க்கான 27 நியூட்டன் மீட்டரை 4,000 சுற்றிலேயே தந்துவிடுகிறது. ஈசிஆருக்கு வேண்டியது அதுதான். சென்னை–புதுச்சேரி பகுதியைப் பார்த்து மொத்தச் சாலையையும் எடை போடக் கூடாது. நாகப்பட்டினம் தாண்டி, முத்துப்பேட்டை, மணமேல்குடி, தொண்டி என்று இறங்க இறங்க ஊர்கள் சாலையோடு ஒட்டிக்கொள்கின்றன. வேகத்தடை, ஆட்டு மந்தை, ஐஸ் பெட்டி ஏற்றிய மீன் வண்டி என ஏதாவது ஒன்று வேகத்தைக் குறைத்துக்கொண்டே இருக்கும். இங்கே 70-ஐத் தாண்டாமல் ஓடி, கியரை அதிகம் மாற்றாமல் மறுபடி வேகமெடுக்கும் எஞ்சின்தான் ஓட்டுபவரைக் களைப்படைய விடாது. 40 குதிரைத்திறன் இருந்தால் நல்லதுதானே என்பவர்கள், அதை எந்த இடத்தில் பயன்படுத்துவார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சிக்கல் இருப்பது ஃபுட்ரெஸ்ட்டில். மீட்டியோரில் அது இடுப்புக்கு நேர் கீழே இல்லை. முன்னால் தள்ளி இருக்கிறது. ஷோரூமில் ஏறி உட்கார்ந்தால் ராஜ தோரணை. வேகத்தடையில் ஏறும்போதுதான் அதன் விலை தெரியும். பாதம் உடலுக்குக் கீழே இருக்கும் வண்டியில் காலை ஊன்றிக் கொஞ்சம் எழும்பினால் போதும், அதிர்ச்சியைக் கால் வாங்கிக்கொள்ளும். முன்னே நீட்டிய காலை ஊன்றி எழும்ப முடியாது. ஹேண்டில்பாரைப் பிடித்து இழுத்துத்தான் எழ வேண்டும். அதை நாள் முழுக்க யார் செய்வார்கள்? ஆகவே ஒவ்வொரு தூக்கிப்போடலும் நேரே வால் எலும்புக்குப் போகிறது. சாய்வு நாற்காலியைக் கட்டை வண்டியில் ஏற்றி அதில் உட்கார்ந்து போவதைப் போன்ற ஏற்பாடு இது. தனியாகப் போகிறவருக்கு இன்னொரு கூடுதல் தண்டனையும் உண்டு. இருவரையும் மூட்டையையும் தாங்குவதற்கென்று வைத்த பின் ஸ்பிரிங், ஒருவருடைய எடைக்கு இறுக்கமாகவே இருக்கும். அதன் முன்னழுத்தத்தை (பிரீலோட்) குறைத்தால் வண்டி கொஞ்சம் தணியுமே தவிர, ஸ்பிரிங்கின் கடினம் மாறாது.

கடற்காற்றும் இதே குறையைத்தான் காட்டிக்கொடுக்கிறது. மரக்காணம் உப்பளங்களின் வெட்டவெளியிலும், இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளும் பாம்பன் சாலைப் பாலத்திலும், தனுஷ்கோடிக்கு அப்பால் அரிச்சல்முனைக்குப் போகும் சாலையிலும் காற்று பக்கவாட்டில் மோதும். அப்போது கையைத் தளர்த்தி, முழங்கால்களால் டேங்கை இறுக்கிப் பிடிப்பதே முறை. கால் முன்னே போய்விட்டால் முழங்கால் விரிகிறது. பிடி முழுவதும் கைக்கு வருகிறது. இறுகிய கையே வண்டியை அலையவைக்கிறது.

இதற்குச் சொல்லப்படும் மறுப்புகளும் தெரிந்தவையே. அமெரிக்காவில் க்ரூஸரில்தானே கண்டம் கடக்கிறார்கள் என்பார்கள். அந்த அமைப்பு உருவானது வேகத்தடையே இல்லாத, நேராக ஓடும் அகன்ற நெடுஞ்சாலைகளுக்காக. நம் மீனவ ஊர்களுக்காக அல்ல. பேக்ரெஸ்ட், டூரிங் சீட், விண்ட்ஸ்கிரீன் போட்டுக்கொள்ளலாமே என்பது அடுத்தது. பேக்ரெஸ்ட் முதுகைத் தாங்கும். உடலின் பாரத்தை வால் எலும்பிலிருந்து காலுக்கு மாற்றாது. விண்ட்ஸ்கிரீன் எதிர்க்காற்றைத் தடுக்கும். பக்கக் காற்றுக்குக் கூடுதல் பரப்பைத்தான் கொடுக்கும். நியாயமான மறுப்பு ஒன்று உண்டு: 765 மி.மீ. உயர சீட். உயரம் குறைந்தவர்களால் இரண்டு பாதங்களையும் தரையில் ஊன்ற முடிவது பெரிய தைரியம். அதை மறுப்பதற்கில்லை.

ஆனால் இதே எஞ்சின் 2021 முதல் கிளாசிக் 350-இலும் இருக்கிறது. எஞ்சின் ஒன்று, எடையிலும் நான்கு கிலோதான் வித்தியாசம் என்கிறபோது, உட்காரும் முறையின் வேறுபாடு பளிச்சென்று தெரிந்துவிடுகிறது. கிளாசிக்கில் கால் இயல்பாகக் கீழே இறங்குகிறது, முதுகு நிமிர்கிறது. 13 லிட்டர் டேங்க் சிறியதுதான். லிட்டருக்கு 30 என்று குறைத்தே கணக்கிட்டாலும் 390 கிலோமீட்டர் வரும். ஈசிஆரில் அதற்குள் பங்க் வராமல் போகாது. சீட் 805 மி.மீ. உயரம் என்பது மட்டுமே யோசிக்க வேண்டியது. திருவொற்றியூரில் கடற்காற்று வாங்கி வளர்ந்த ஒரு நிறுவனம், தன் ஊரிலேயே தொடங்கும் கடலோரச் சாலையை மனதில் வைத்து மீட்டியோரின் ஃபுட்ரெஸ்ட்டைச் சற்றே பின்னுக்குத் தள்ளியிருக்கலாம் என்ற வருத்தம் எஞ்சத்தான் செய்கிறது.

முடிவு இதுதான்: ஊருக்குள் ஓட்டவும் ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் போய்வரவும் மீட்டியோர் போதும், தரையில் கால் எட்டாத கவலை இருந்தால் அதுவே சரி. தனியாகக் கன்னியாகுமரி வரை போகிற எண்ணமிருந்தால் கிளாசிக்கை எடுங்கள். இரண்டு லட்சத்தைத் தாண்டும் செலவு இது. டெஸ்ட் ரைடு கேட்கும்போது ஷோரூம் முன்னாலிருக்கும் வழவழப்பான சாலையோடு திரும்பிவிடாதீர்கள். வேகத்தடைகள் வரிசையாக இருக்கும் தெருவைத் தேடிப் போய் ஓட்டிப் பார்த்துவிட்டு முன்பணம் கட்டுங்கள்.