பிளானும் திட்டமும்

ராஜபாளையம் பக்கம் தளவாய்புரம் போனால், நைட்டி தைக்கும் இடத்தில் ஐந்து நிமிஷம் நின்று பாருங்கள். துணியை அடுக்கடுக்காக விரித்து, மேலே கோடு போட்டு, அப்புறம்தான் வெட்டுவார்கள். கோடு தப்பினால் அடுக்கு முழுக்க வேஸ்ட்.

'பிளான்' என்ற ஆங்கில வார்த்தையின் ஆதி அர்த்தம் ஏறக்குறைய இதுதான். லத்தீனில் 'பிளானுஸ்' என்றால் தட்டை. தட்டையான பரப்பில் வரைந்த படம், பிளான்.

நாம் அதை எங்கெல்லாம் இழுத்துவிட்டோம்! வீட்டுக்கு பிளான் என்றால் வரைபடம். செல்போனுக்கு என்றால் 28 நாள் கட்டணம். 'ஞாயித்துக்கிழமை என்ன பிளான்?' என்றால் உத்தேசம். 'அவன் ஏதோ பிளான்ல இருக்கான்' என்றால் சதி. இதில் நஷ்டம் என்னவென்றால், வெறும் ஆசைகூட பிளான் என்ற கௌரவத்தோடு உலா வருகிறது. 'வீடு கட்டற பிளான் இருக்கு' என்பவரிடம் பெரும்பாலும் கோடு போட்ட காகிதம்கூட இருக்காது.

டெல்லியிலும் இதே கதைதான். 1951-ல் தொடங்கிய ஐந்தாண்டுத் திட்டங்கள், பன்னிரண்டாவதோடு 2017-ல் முடிந்தன. திட்டக் குழு போய் 2015-லேயே நிதி ஆயோக் வந்துவிட்டது. இப்போது 2047-க்கு 'விஷன்'. ஐந்து வருஷத் திட்டம் என்றால் ஆறாவது வருஷம் கணக்குக் கேட்கலாம். விஷனிடம் எப்போது கேட்பது?

தமிழில் 'திட்டமா சொல்லு' என்றால் அளவாக, உறுதியாகச் சொல் என்று அர்த்தம். இனி யாராவது பிளான் என்றால், 'அளவு என்ன?' என்று கேளுங்கள். கத்தரியை எடுக்குமுன் தையல்காரர் கேட்பதும் அதைத்தானே!