பந்து வந்து சேருமுன்

கோலுக்கு முதுகைக் காட்டி நிற்கும் ஸ்ட்ரைக்கரைத்தான் கால்பந்தில் எனக்கு மிகவும் பிடிக்கும். பின்னால் டிஃபெண்டர் ஒட்டி நிற்பார். அவர் முழங்கை விலாவில் இடிக்கும், கால் எந்த நொடியும் குறுக்கே நீளும். பந்து எதிர்ப்பக்கமிருந்து வருகிறது. கோல் எங்கே, கோல்கீப்பர் எவ்வளவு முன்னால் வந்திருக்கிறார் என்று அந்த நேரத்தில் திரும்பிப் பார்க்க முடியாது; முன்பே பார்த்து வைத்திருக்க வேண்டும். அப்படி நின்று பந்தை வாங்கி, ஒரே டச்சில் அடக்கி, டிஃபெண்டரின் பிடியிலிருந்து விரால் மீன்போல நழுவி வெளியே வருவது ஒரு தனி வித்தை. இந்தியப் பெண்கள் ஆட்டத்தில் அதை ஙாங்கோம் பாலா தேவி அளவுக்கு அழகாகச் செய்தவர் வேறு யாரையும் நான் பார்த்ததில்லை.

மணிப்பூரின் பிஷ்ணுபூர் மாவட்டத்துக்காரர். ஊரில் பையன்களோடு ஆடிப் பழகி, பதினைந்து வயதில் இந்திய அணிக்கு வந்துவிட்டார். பிறகு மணிப்பூர் போலீஸில் வேலை, அதன் அணிக்கு ஆட்டம். 2014, 2015 இரண்டு ஆண்டுகளும் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் சிறந்த வீராங்கனை. ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் கிளப் 2020 ஜனவரி 29 அன்று அவரைப் பதினெட்டு மாத ஒப்பந்தத்தில் எடுத்தது. ஐரோப்பிய கிளப் ஒன்றோடு தொழில்முறை ஒப்பந்தம் போட்ட முதல் இந்தியப் பெண் அவர். அவருடைய முப்பதாவது பிறந்த நாளுக்கு அப்போது நான்கு நாள்தான் இருந்தது. பலர் ஓய்வைப் பற்றி யோசிக்கிற வயதில் அவர் கிளாஸ்கோவின் குளிரில் புதிதாக ஆட்டம் கற்கப் போனார். பத்தாம் எண் சட்டையைக் கொடுத்தார்கள்.

புதிதாக எதைக் கற்க வேண்டியிருந்தது என்று கேட்டால், தரையிலிருந்து தொடங்க வேண்டும். திண்டிவனம் - புதுச்சேரி சாலையில் இருக்கிற எங்கள் கிளியனூர்ப் பக்கம் கோடையில் ஏரி வற்றினால் அதுதான் மைதானம். பெரும்பாலும் கிரிக்கெட். எப்போதாவது ஒரு கால்பந்து வந்து சேரும். வெடித்துக் கிடக்கும் அந்தத் தரையில் உருட்டி விட்ட பந்தும் துள்ளித்தான் வரும், முழங்கால் உயரத்துக்குக்கூட எழும். அதில் ஆடிப் பழகிய பிள்ளை பந்தைக் கண்டதும் முதலில் அதை அமுக்கத்தான் பார்க்கும். உள்ளங்காலை வைத்து நிறுத்தி, நிதானமாகத் தலையைத் தூக்கி, பிறகுதான் அடுத்த வேலை. இங்கே அதற்கு நேரம் கிடைக்கும். ஸ்காட்லாந்தின் ஈரப்புல்லிலும் செயற்கைத் தரையிலும் பந்து துள்ளாது, வழுக்கிக்கொண்டு வரும். நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்குவதற்குள் பந்து வேறொருவர் காலில் இருக்கும்.

ஆகவே ஃபர்ஸ்ட் டச்சே அடுத்த அடியாகவும் இருந்தாக வேண்டும். பாலா தேவி ஆடும் காணொளி கிடைத்தால் பந்தை விட்டுவிட்டு அவர் தலையை மட்டும் பாருங்கள். சக வீராங்கனை பந்தைத் தொடும் முன்பே ஒருமுறை தோளுக்குப் பின்னால் பார்வை போய்வரும். பந்து புறப்பட்டதும் இடுப்பு கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பும். டிஃபெண்டர் எந்தப் பக்கம் சாய்ந்து தள்ளுகிறாரோ, அந்தத் தள்ளலையே வாங்கிக்கொண்டு மறுபக்கம் சுழல்வார். பலத்துக்குப் பலம் காட்டுவது அவர் வழியல்ல. ஓட்டத்தில் அவரை முந்தக்கூடியவர்கள் இந்திய அணியிலேயே உண்டு. ஆனால் எங்கே நிற்க வேண்டும் என்பதை அவருக்கு முன்னால் கண்டுபிடித்தவர்கள் குறைவு.

கிளாஸ்கோ காலத்தை எண்ணிக்கையில் அளந்தால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். அவர் அங்கே போய்ச் சேர்ந்த இரண்டு மாதத்தில் கொரோனா வந்து லீக் நின்றது. ஊருக்கு வர வழியில்லாமல் அந்நிய நகரத்தில் ஓர் அறைக்குள் இருந்து உடம்பைக் காப்பாற்றிக்கொண்டார். டிசம்பர் 6 அன்று மதர்வெல் அணிக்கு எதிரான ஆட்டத்தில் மாற்று வீராங்கனையாக இறங்கி, கடைசி நிமிடங்களில் ஒரு கோல் அடித்தார். ரேஞ்சர்ஸ் 9-0 என்று வென்ற ஆட்டம் அது. ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு ஒன்பதில் ஒன்று. ஒப்பந்தம் போட்ட நாளிலிருந்து பத்து மாதத்துக்கு மேல் காத்திருந்து வந்த கோல் என்பது நமக்குத் தெரியும். அதன்பின் முழங்கால் காயம் அவரை நீண்ட நாள் வெளியே உட்கார வைத்தது.

அந்தக் காயத்தோடு முடிந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் திரும்பி வந்தார். 2024 அக்டோபரில் காத்மாண்டுவில் நடந்த தெற்காசிய நாடுகளின் சாஃப் போட்டியில் பாகிஸ்தானை இந்தியா 5-2 என்று வென்றபோது, அவர் அடித்தது சர்வதேச ஆட்டத்தில் அவருடைய ஐம்பதாவது கோல். வேறெந்த இந்தியப் பெண்ணும் அதுவரை தொடாத எண்ணிக்கை. வயது முப்பத்து நான்கு. வேகம் குறைந்திருந்தது. தோளுக்குப் பின்னால் போய்வரும் அந்தப் பார்வை குறையவில்லை.

அவர் திறந்த வழியில் மற்றவர்கள் போனார்கள். பஞ்சாபின் ஹோஷியார்பூர் மாவட்டத்து மனிஷா கல்யாண் 2021 நவம்பரில் மனாஸ் நகரில் பிரேசிலுக்கு எதிராக எட்டாவது நிமிடத்தில் அடித்த கோலை இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆட்டத்தில் 6-1 என்று தோல்விதான். ஆனாலும் எதிர்த்தாக்குதலில் அவர் எடுத்த ஓட்டத்தில் துளிக்கூடத் தயக்கம் இல்லை. பாலா முதுகால் ஆடுகிறவர் என்றால் மனிஷா முகத்தை நீட்டி, வெட்டவெளியை நோக்கி ஓடுகிறவர். அடுத்த ஆண்டே சைப்ரஸின் அப்போலன் கிளப்புக்குப் போய், ஐரோப்பியப் பெண்கள் சாம்பியன்ஸ் லீக்கில் இறங்கிய முதல் இந்தியர் ஆனார். டங்மேய் கிரேஸ் உஸ்பெகிஸ்தானுக்கும், ஜோதி சௌஹானும் சௌம்யா குகுலோத்தும் குரோஷியாவின் டினாமோ ஜாக்ரெப்புக்கும் போனார்கள்.

இந்தப் பெயர்களை வரிசையாக வைத்துப் பார்க்கையில் ஒன்று எனக்கு உறுத்துகிறது. எல்லோரும் முன்வரிசைக்காரர்கள். கோல் அடிப்பவரின் திறமையை இரண்டு நிமிடக் காணொளியில் அடைத்து வெளிநாட்டு கிளப்புக்கு அனுப்பிவிடலாம். நடுக்களத்தில் ஆடுகிறவரை முழு ஆட்டமும் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

எங்களுக்குப் பக்கத்துக் கடலூரில் 2004 சுனாமிக்குப் பிறகு, வீட்டையும் உறவையும் இழந்த பிள்ளைகள் கையில் கால்பந்தைக் கொடுத்தார் பயிற்சியாளர் மாரியப்பன். அந்த மாவட்டம் தமிழ்நாட்டு அணிக்கும் இந்திய அணிக்கும் பெண்களை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. கடலூர்க்காரரான இந்துமதி கதிரேசன் இந்திய அணியின் நடுக்களத்தில் ஆடியவர், தமிழ்நாடு காவல்துறையில் பணி. 2018 கட்டாக்கிலும் 2023 அமிர்தசரஸிலும் தமிழ்நாடு தேசிய சாம்பியன் ஆனதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. மதுரையின் சேது எஃப்சி 2019இல் லூதியானா இறுதி ஆட்டத்தில் பாலா தேவியின் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்று இந்தியப் பெண்கள் லீக்கைக் கைப்பற்றியது. அடுத்த ஜனவரியில், தோற்ற அணியின் முன்வரிசைக்காரரான பாலாவுக்கு கிளாஸ்கோ கிடைத்தது. டிஃபெண்டர்கள் இருவருக்கு நடுவே, ஓடுகிறவளின் காலடிக்குச் சரியாகப் போய்ச் சேரும் வேகத்தில் பந்தைத் தள்ளும் இந்துமதியின் பாஸை ஐரோப்பியப் புல்தரையில் ஒரு முழு சீஸன் பார்க்க எனக்கு ஆசை இருந்தது. இன்றும் இருக்கிறது.