விமானியும் பெண் விமானியும்

'விமானி' என்பது தமிழில் இருபாலுக்கும் பொதுவான சொல். 'விமானி பத்திரமாகத் தரையிறக்கினார்' என்ற வாக்கியம் அவர் ஆணா பெண்ணா என்று சொல்வதில்லை. சொல்லத் தேவையும் இல்லை. ஆனால் நம் செய்தித்தாள்களில் அந்தச் சொல் தனியாக வந்தால் ஆண் என்றே பொருள். பெண்ணாக இருந்தால் 'பெண்' என்ற அடைமொழி முன்னால் வந்து உட்கார்ந்துகொள்ளும். விமானச் செய்திகளில் வரும் பிழைகளைப் பற்றிப் பேசுகிறவர்கள், ஒரு ரக விமானத்துக்கு இன்னொன்றின் பெயரைப் போட்டதைச் சுட்டிக்காட்டுவார்கள். இந்த அடைமொழி உண்டாக்கும் பிழையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. புகழும்போது அது ஒரு விதமாகவும் பழிக்கும்போது வேறு விதமாகவும் வேலை செய்கிறது.

புகழ்ச்சிக்குக் கார்கில். 1999 போரில் சீட்டா ஹெலிகாப்டர்களை ஓட்டியவர்களில் குஞ்சன் சக்சேனா, ஸ்ரீவித்யா ராஜன் இருவரும் இருந்தார்கள். ஊடகங்களுக்கு இரண்டு பெண்கள் அதிகம். 'முதல் பெண்', 'ஒரே பெண்' என்று எழுத ஒருத்தி போதும். 2020இல் குஞ்சனைப் பற்றிய இந்தித் திரைப்படம் வந்த பிறகு, தாங்கள் இருவரும் ஒன்றாகவே உதம்பூரில் பணியமர்த்தப்பட்டதாக ஸ்ரீவித்யாவே எழுதிச் சொல்ல வேண்டியிருந்தது. குஞ்சனுக்கும் இதே வேலை வந்துசேர்ந்தது. குடிமக்கள் அமைப்பு ஒன்று அவருக்குத் தந்த சௌர்ய வீர் விருதைப் பல செய்திகள் அரசின் சௌர்ய சக்ரா என்று எழுதின. தான் அப்படிச் சொன்னதே இல்லை என்று அவர் விளக்கம் கொடுத்தார். இந்த ஆரவாரத்தில் கேட்கப்படாமல் போன கேள்வி ஒன்று உண்டு. அன்று விமானப்படையில் பெண்களுக்குக் குறுகிய காலப் பணி மட்டுமே. போரில் பறந்த குஞ்சன் 2004இல் வெளியே வந்துவிட்டார். நாயகி கிடைத்துவிட்டதால் விதியைப் பற்றி யாரும் எழுதவில்லை.

பழிக்கு வாஷிங்டன். 2025 ஜனவரி 29 இரவு, ரீகன் விமான நிலையத்தில் இறங்கவிருந்த பயணிகள் விமானமும் ராணுவத்தின் பிளாக் ஹாக் ஹெலிகாப்டரும் போட்டோமாக் ஆற்றின் மேல் மோதின. 67 பேர் இறந்தார்கள். மறுநாளே அதிபர் டிரம்ப், ஆதாரம் எதுவும் இல்லாமல், பன்முகத்தன்மைக்கான பணி நியமனங்கள் காரணமாக இருக்கலாம் என்றார். ஹெலிகாப்டரை ஓட்டியவர் திருநங்கை என்ற வதந்தி பரவியது. பெயர் சொல்லப்பட்ட திருநங்கை விமானி, தான் உயிரோடு இருப்பதை வீடியோவில் நிரூபிக்க நேர்ந்தது. ஓட்டியவர் கேப்டன் ரெபெக்கா லோபாக், 28 வயதுப் பெண், என்று தெரிந்ததும் தேடிய காரணமே கிடைத்துவிட்டதுபோலப் பலர் எழுதினார்கள்.

பயிற்றுநரின் உத்தரவை அவர் மதிக்கவில்லை என்று சில மாதங்கள் கழித்துத் தலைப்புகள் வந்தன. விசாரணை வாரியம் குரல் பதிவிலிருந்து சொன்னது வேறு. கட்டுப்பாட்டு அறை தங்களை இடப்பக்கம், ஆற்றின் கிழக்குக் கரை நோக்கி நகரச் சொல்கிறது என்று தான் நினைப்பதாகப் பயிற்றுநர் அவரிடம் சொல்லியிருக்கிறார். மோதலுக்குச் சில நொடிகளே இருந்தன. 'நினைக்கிறேன்' என்ற ஊகத்தை 'உத்தரவு' ஆக்கி, அதற்கு 'மீறினாள்' என்ற வினையையும் சேர்த்தது செய்தி எழுதியவர்களின் மொழி.

ஹெலிகாப்டர் அந்த இடத்துக்கான 200 அடி உச்சவரம்பைத் தாண்டிப் பறந்தது உண்மை. அதோடு, உள்ளே இருந்தவர்கள் பார்த்த உயரமானி உண்மையைவிடக் குறைவாகக் காட்டியிருக்கக்கூடும் என்பதும் விசாரணையில் வந்தது. 33ஆம் ஓடுபாதையில் இறங்கும் விமானத்துக்கும் அந்த ஹெலிகாப்டர் பாதைக்கும் இடையே, எல்லோரும் விதிப்படியே பறந்தாலும், சில இடங்களில் 75 அடிதான் மிஞ்சும். 2021 அக்டோபர் முதல் 2024 டிசம்பர் வரை அந்த விமான நிலையத்தருகே ஹெலிகாப்டர்களும் விமானங்களும் அளவுக்கு மீறி நெருங்கிய நிகழ்வுகள் 15,214. அவற்றை ஓட்டியவர்கள் எந்தப் பால் என்று எந்தச் செய்தியும் கேட்டதில்லை. இந்த எண்களை அந்த மார்ச் மாதமே வாரியம் வெளியிட்டது. ஆனால் 'பெண் ஓட்டினாள்' என்ற செய்தி எளிதாகப் பரவியது.

கார்கிலில் அடைமொழி ஒருத்தியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவளை அழித்தது. வாஷிங்டனில் அதே அடைமொழி ஒருத்தியை எல்லாப் பெண்களுக்கும் சாட்சியாக்கியது. இரண்டு இடத்திலும் பாதை, விதி, கருவி, நிர்வாகம் எல்லாம் தப்பித்துக்கொண்டன. மாணவிகளிடம் நான் கேட்பது இதுதான்: விமானச் செய்தி ஒன்றைப் படிக்கும்போது 'பெண்' என்ற சொல்லை அடித்துவிட்டுப் படித்துப் பாருங்கள். அதன் பிறகும் அதில் செய்தி மிஞ்சுகிறதா?

அந்த ஹெலிகாப்டரில் இறந்தவர்கள் மூன்று பேர். இரண்டு ஆண்களின் பெயர்களை ராணுவம் முதலில் அறிவித்தது. மூன்றாவது பெயரை உடனே வெளியிட வேண்டாம் என்று குடும்பம் கேட்டுக்கொண்டது. மகளை இழந்த வீடு, துக்கத்தின் நடுவே, அவள் பெயரை ஒளித்துவைக்க வேண்டியிருந்தது.