நாம் எழுத மறந்த இரணைதீவு

கொரோனாக் காலத்து ஜனாஸா எரிப்பைப் பற்றி நம்மவர்கள் எழுதிய கவிதைகள், கதைகள் சிலவற்றை அண்மையில் ஒருசேர வாசித்தேன். கபன் துணியும் தீயும் அவற்றில் திரும்பத் திரும்ப வருகின்றன. அந்த வலியின் உண்மையில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் இரண்டு குறைகள் உறுத்துகின்றன.

முதலாவது, சிலர் விஞ்ஞானத்தையே எதிரியாக்கி விடுகின்றனர். நடந்தது வேறு. அடக்கமும் செய்யலாம் என்று 2020 மார்ச்சிலேயே உலக சுகாதார ஸ்தாபனம் வழிகாட்டியது. ஆனால் ஏப்ரல் 11ஆம் திகதிய வர்த்தமானி எரிப்பைக் கட்டாயமாக்கியது. நிலத்தடி நீர் கெடும் என்று காரணம் சொன்னார்கள். 2021 ஜனவரியில் இலங்கை மருத்துவச் சங்கமும் அடக்கத்தை அனுமதிக்கலாம் என்றது. அரசு அசையவில்லை. பெப்ரவரி 23இல் பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் வந்தார். 25இல் அனுமதி வந்தது. அந்த இரண்டு நாளில் மண்ணும் மாறவில்லை, நீரும் மாறவில்லை. விஞ்ஞானத்தின் பெயரில் அதுவரை அதிகாரமே பேசியது.

இரண்டாவது குறை இன்னும் பெரியது. அனுமதி வந்த சில நாட்களில், மார்ச் 2இல், அடக்கத்துக்கென அரசு அறிவித்த இடம் இரணைதீவு. கிளிநொச்சி மாவட்டத்தின் பூநகரிப் பகுதியைச் சேர்ந்த தீவு அது. 1992இல் இடம்பெயர்ந்த கத்தோலிக்க மீனவக் குடும்பங்கள், கடற்படை பிடித்திருந்த மண்ணுக்காகப் போராடி 2018இல்தான் மீளக் கால்பதித்திருந்தனர். மய்யித்தால் நீர் கெடும் என்று பத்து மாதத்துக்கு மேல் சொன்ன அரசு, அதே மய்யித்துகளை அவர்களது தீவுக்கு அனுப்பப் பார்த்தது. அம்மக்கள் வீதிக்கு வந்தனர். மார்ச் 5இல் அடக்கம் ஓட்டமாவடியில் தொடங்கியது.

நான் வாசித்தவற்றில் இரணைதீவு ஒரு வரியில்கூட இல்லை. 1990இல் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட சமூகம் நாம். மண்ணுக்குத் திரும்புவதன் அருமை நமக்குத் தெரியாததா? ஒரே பொய் நம் ஜனாஸாவை எரித்தது. அவர்களது கிணற்றடியில் அச்சத்தையும் விதைத்தது. இதை எழுதாவிட்டால் நம் இலக்கியம் ஒப்பாரியோடு நின்றுவிடும்.

2024 ஜூலையில் அரசு மன்னிப்புக் கேட்டது. எரிந்தவர்கள் திரும்பப் போவதில்லை. நாளை ஒரு சுகாதார அதிகாரி உண்மையையே சொன்னாலும் நம் ஊரில் யார் நம்புவார்? உடைந்த அந்த நம்பிக்கையைப் பற்றிய கதைக்காகவே நான் காத்திருக்கிறேன். அதில் ஒரு ஜனாஸா வீடும் இரணைதீவின் ஒரு வள்ளமும் சேர்ந்தே வரவேண்டும்.