அடிக்காமல் விட்ட அடி

டெஸ்ட் போட்டியின் முதல் ஒரு மணி நேரத்தில், ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகும் பந்தைத் தொடாமல் விடுகிறவரைப் பார்த்து "பயந்தாங்கொள்ளி" என்று கேலரியிலிருந்து கத்த எப்போதும் நாலு பேர் இருப்பார்கள். ஜமைக்காவில், கிங்ஸ்டனின் சபைனா பார்க் மைதானத்திலும் இருப்பார்கள். அந்த ஊரின் இசையான ரெக்கேயை இன்று தனி ஆளாக மேடையேற்றும் ஒருவர் மீதும் இதே கூச்சல்தான். அவருக்குக் கம்பெனி இல்லை, பேண்ட் இல்லை. ஒரு மிக்ஸர், ஒரு லேப்டாப், வாயால் ஊதி வாசிக்கும் மெலோடிகா, அவ்வளவுதான். பெயர் வேண்டாம். தொடர்ந்து கேட்பவர்களுக்கு இந்நேரம் ஆள் யாரென்று புரிந்திருக்கும்.

அவர் மேல் புகார் இரண்டு. 'கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வேரை அறுக்கிறார்' என்பது ரூட்ஸ் ரெக்கே பக்தர்களுடையது. 'கம்ப்யூட்டரைக் கையில் வைத்துக்கொண்டு அடிக்கத் தயங்குகிறார்' என்பது ஆட வந்தவர்களுடையது. இரண்டு கோஷ்டியும் கோட்டை விடுவது ஒரே இடத்தில்: முதல் அடியில்.

ஒன்று முதல் நான்குவரை எண்ணிப் பாருங்கள். ஹவுஸ் இசையில் நான்கிலும் கிக் விழும். ரெக்கேயிலேயே 'ஸ்டெப்பர்ஸ்' வகையிலும் அப்படித்தான். 'ஒன் டிராப்'பில் ஒன்று காலி. மூன்றில்தான் பேஸ் டிரம் விழும். கச்சேரி கேட்டுப் பழகியவர்கள் அரை இடம் தள்ளி எடுக்கும் பாட்டை நினைத்துக்கொள்ளலாம். ஆனால் அங்கே சமத்தில் தொடையிலாவது தட்டு விழுகிறது. இங்கே அந்தத் தட்டும் கிடையாது.

இதுவரை பழைய கதை. நம் ஆள் செய்வது ஒரு படி மேலே. அவருடைய மேடை, லேப்டாப்பிலிருந்து வரும் நயாபிங்கி முரசுகளில் தொடங்குகிறது. ராஸ்தஃபாரி வழிபாட்டில் இரவு முழுக்க ஒலிக்கும் மூன்று முரசுகள் அவை. ஃபண்டே இதயத்துடிப்பாகத் தொடர, ரிப்பீட்டர் மேலே பேசிக்கொண்டே போகும். பெரிய முரசு ஒன்றில் ஓங்கி விழும், மூன்றில் அடங்கி விழும். ஆமாம், வழிபாட்டில் 'ஒன்று' காலியில்லை, அங்கேதான் கனமே. அந்தக் கனத்தைப் பத்து நிமிடம் நம் உடம்பில் ஏற்றிவிட்டு, அப்புறம்தான் மின்னணுத் தாளத்துக்கு மாறுகிறார்.

மாறும் அந்த நொடியில் அவர் கைகளைப் பாருங்கள். இடது கை பேஸைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரில், வலது ஆள்காட்டி விரல் எக்கோ குமிழில். நான்காவது எண்ணிக்கை முடியும்போது ஃபேடர் சட்டென்று கீழே போகிறது. ரிப்பீட்டரின் கடைசி ஒலி மட்டும் எக்கோவில் சுழல்கிறது. கூட்டத்தின் முழங்கால்கள் 'ஒன்று'க்காக மடங்கிவிட்டன. அடி வரவில்லை. இரண்டும் கடக்கிறது. மூன்றில் பேஸும் ரிம்மும் ஒன்றாக இறங்கும்போது, மடங்கிய கால்களுக்கு அப்போதுதான் தரை கிடைக்கிறது.

இதைத்தான் தயக்கம் என்கிறார்கள். நான் வழிபாடு என்பேன். அங்கியிலும் ஊதுபத்தியிலும் ஆன்மிகத்தைத் தேடுகிறவர்களுக்கு இது பிடிபடாது. முரசு இருந்த இடத்தைக் காலியாக வைத்து, அங்கே வேறு எதையும் உட்கார விடாமல் காப்பதில்தான் இவருடைய பக்தி இருக்கிறது.

இத்தனை பேர் இதைத் தவறவிட ஒரு எளிய காரணம் உண்டு: கைப்பேசி. அதன் சின்ன ஸ்பீக்கரில் அடி பேஸ் வரவே வராது. பேஸ் இருந்ததே கேட்காதபோது, அது எடுக்கப்பட்டது எப்படிக் கேட்கும்? ஆளுயரப் பெட்டிகளுக்கு முன்னால் நின்று கேட்க வேண்டிய கலையை உள்ளங்கையில் கேட்டுவிட்டுத் தீர்ப்பு எழுதுகிறார்கள்.

வேரை அறுக்கிறார் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1970களில் கிங்ஸ்டனின் வாட்டர்ஹவுஸில், ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் பழுது பார்க்கத் தெரிந்த ஒருவர்தான் நான்கு டிராக் நாடாவையும் ஒரு பழைய மிக்ஸரையும் வைத்துக்கொண்டு டப் என்ற கலையையே செதுக்கினார். பாட்டைச் சேர்த்தல்ல, எடுத்து. 1985இல் ஜமைக்காவின் போக்கையே திருப்பிய தாளம் வந்தது ஒரு சின்ன காஸியோ கீபோர்டுக்குள் ஏற்கெனவே பதிந்திருந்த ரிதத்திலிருந்து. மிஷின் இந்த வேருக்குள் ஐம்பது வருஷமாகவே இருக்கிறது. 2018இல் யுனெஸ்கோ ரெக்கேயைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது பெருமைதான். ஆனால் பட்டியலில் ஏறியதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டச் சொல்கிற கூட்டமும் கூடவே வந்துவிடுகிறது.

நான் கட்சி சார்ந்துதான் எழுதுகிறேன், ஒளிக்கவில்லை. என் கட்சிக்காரரிடமும் ஒரு குறை உண்டு. கூட்டம் முனகத் தொடங்கினால் ஸ்டெப்பர்ஸுக்குத் தாவிவிடுகிறார். நாற்பதாவது நிமிடத்தில் நான்கிலும் கிக் விழுகிறது, கைகள் உயர்கின்றன, அதுவரை கட்டியது கலைகிறது. நன்றாக விட்டுக்கொண்டிருந்தவர் கேலரிக்காக ஒரு பந்தை வாரி அடிப்பது மாதிரி.

இனி நடக்கப்போவதையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த கோடை விழாக்களில் இவரைப் பார்த்துப் பத்து பேராவது ஃபேடரை இறக்குவார்கள். முரசை முதலில் உடம்பில் ஏற்றாமல் இறக்குவார்கள் என்பதால், கரண்ட் போனது போலத்தான் இருக்கும். ஏதாவது ஒரு பெரிய கம்பெனி மூன்று நிமிடப் பதிப்பு கேட்டு வரும். இவர் மறுப்பார், அல்லது நயாபிங்கியை வெட்டிவிட்டுக் கொடுத்து ஒரு வருஷம் வருந்துவார். மறுப்பார் என்றே பந்தயம் கட்டுகிறேன்.

இரண்டு வருஷத்துக்குள் லேப்டாப் முரசு போய், மேடையில் மூன்று நிஜ முரசுகள் உட்காரும். அன்றைக்குப் பெரிய முரசுக்காரர் 'ஒன்று'க்காகக் கோலை ஓங்கிவிட்டு, அடிக்காமல் அந்தரத்தில் நிறுத்த வேண்டியிருக்கும். அப்போதாவது கேலரி கத்தாமல் இருக்குமா? அதற்கு மட்டும் நான் பந்தயம் கட்ட மாட்டேன்.