பத்து ரூபாய்க்குள் ஒரு பிளக்ஸ்

2021 அக்டோபரில் செங்கல்பட்டு உள்ளிட்ட 9 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது, நாவலூரில் எங்க அபார்ட்மென்ட் சங்கத்து வாட்ஸப் குழுவில் ஒரு கேள்வி வந்தது. சங்கப் பணத்தில் ஒரு தலைவர் வேட்பாளருக்கு நோட்டீஸ் அடிக்கலாமா? "நாம கட்சி இல்லையே, என்ன தப்பு?"ன்னாங்க பாதிப் பேர். ஊராட்சித் தலைவர் தேர்தலே கட்சி சார்பில்லாமல்தான் நடக்குது என்பதால் அந்த வாதம் எடுபட்டது. கடைசியில் நோட்டீஸ் அடிக்கலை. சட்டத்துக்குப் பயந்து இல்ல, ரெண்டு பிளாக்குக்கு நடுவுல சண்டை வந்ததால. சட்டத்தை நான் பிறகுதான் படிச்சேன்.

அச்சகத்தின் பெயர் போட்டால் போதும்னு பலர் நினைக்கிறோம். அந்த விதி 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவு. அது நாடாளுமன்ற, சட்டமன்றத் தேர்தல்களுக்கானது. உள்ளாட்சிக்கும் சேர்த்துப் பொருந்துவது குற்றவியல் சட்டம்: அன்றைய ஐ.பி.சி. 171எச், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா 176. வேட்பாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல், அவரை ஜெயிக்க வைக்கும் நோக்கத்தோடு யாரும் கூட்டம், விளம்பரம், துண்டறிக்கை எதுக்கும் செலவு செய்யக்கூடாது. சங்கம், டிரஸ்ட், தனி ஆள் எல்லாருக்கும் ஒரே விதி. லாப நோக்கமில்லாத அமைப்புன்னு சலுகையும் கிடையாது, கூடுதல் கண்டிப்பும் கிடையாது.

இந்தப் பிரிவு எழுதப்பட்டது 1920-ல். புதுச் சட்டத்தில் அபராத உச்சவரம்பை 500-லிருந்து 10,000 ஆக்கினாங்க. ஆனா அதே பிரிவில், செலவு 10 ரூபாய்க்கு மேல் போகாம இருந்தா 10 நாளுக்குள் வேட்பாளரிடம் ஒப்புதல் வாங்கிச் சரி பண்ணிக்கலாம்னு ஒரு விலக்கு இருக்கு. அந்த 10 அப்படியே நிக்குது. பழைய கோடை புது சர்வருக்கு மாத்தும்போது ஒரு வரியை மட்டும் திருத்திட்டு, பக்கத்து வரியைப் பார்க்காம விடுற வேலை நாங்களும் பண்ணியிருக்கோம். ஆனா அதைச் சட்டம்னு சொல்ல மாட்டோம்.

எனக்குப் பெரிய குறையாகப் படுவது வேறொன்று. ஆதரிச்சால்தான் இந்தப் பிரிவு வெளிப்படையாப் பேசுது. "இவருக்கு ஓட்டுப் போடாதீங்க"ன்னு அடிச்சா? 1976-ல் பிரிட்டனில் இதே சிக்கல் வந்தது. நேஷனல் ஃபிரன்ட் வேட்பாளர்களை எதிர்த்து நோட்டீஸ் கொடுத்தவர்கள் மேல் வழக்கு. ஒருவரைத் தோற்கடிப்பதும் மற்றவர்களை ஜெயிக்க வைப்பதுதான் என்றது பிரபுக்கள் சபை. பிறகாவது அங்கே ஒரு நியாயமான வாசல் இருக்கு: உள்ளாட்சித் தேர்தலில் வெளியாள் 50 பவுண்டும், ஒரு வாக்காளருக்கு அரை பென்னியும் செலவு செய்யலாம். சிறிய தொகைதான், ஆனா ஊரின் அளவுக்கேற்ப ஏறும்.

இங்கே வாசல் அனுமதிக் கடிதம் மட்டும். தலைவர் வேட்பாளரின் செலவு வரம்பு 34,000 ரூபாயாக இருந்த தேர்தலில், சங்கத்தின் பிளக்ஸும் தன் கணக்கில் ஏறுமோன்னு யோசிக்கிற வேட்பாளர் எதுக்குக் கையெழுத்துப் போடப் போறார்? ஆக, பேர் போடாம "குப்பைப் பிரச்சினையைத் தீர்ப்பவருக்கே எங்கள் ஓட்டு"ன்னு வைப்பாங்க. யாரைச் சொல்றாங்கன்னு தெருவுக்கே தெரியும், பிரிவு 176-க்கு மட்டும் தெரியாது.

அடுத்த தேர்தலுக்கு இதே கேள்வி குழுவில் வரும். எல்லா வேட்பாளர்களையும் கூப்பிட்டு, கிளப் ஹவுஸில் ஒரே மேடையில் உட்கார வைங்கன்னு சொல்லியிருக்கேன். யாரையும் ஜெயிக்க வைக்கிற செலவு இல்ல அது. டீ செலவு மட்டும் நிச்சயம் பத்து ரூபாயைத் தாண்டும்.