பகடிவதைத் தடுப்புத் திட்டங்கள்: ஒரு மதிப்பீடு

மருந்து கொடுத்த மருத்துவர் பிறகு நோயாளியைப் பார்த்து, "காய்ச்சல் குறைந்ததா?" என்று கேட்க வேண்டும். "மருந்து கொடுத்தாயிற்று" என்று ஏட்டில் எழுதிவிட்டுப் போகிறவரை நாம் மருத்துவர் என்று மதிப்போமா? நம் தொடக்கப் பள்ளிகளில் பகடிவதைத் தடுப்பு இயக்கங்கள் பெரும்பாலும் இவ்வாறுதான் மதிப்பிடப்படுகின்றன. பதாகை கட்டினோம், காவல்துறை அதிகாரி உரையாற்றினார், மாணவர் உறுதிமொழி எடுத்தனர், படமும் அனுப்பினோம் என்று அறிக்கை முடிந்துவிடுகிறது. பிள்ளையின் துன்பம் குறைந்ததா என்னும் வினாவுக்கு அதில் இடமில்லை.

பகடிவதை என்பது விளையாட்டில் நேரும் கைகலப்பு அன்று. வலியவர் எளியவரை, வேண்டுமென்றே, மீண்டும் மீண்டும் துன்புறுத்துவதே அது. அடி மட்டுமன்றிப் பட்டப்பெயரும் ஒதுக்கி வைத்தலும் இதில் அடங்கும்.

இதனை முறையாக அளக்கத் தொடங்கியவருள் முதன்மையானவர் நார்வே நாட்டு உளவியலறிஞர் டான் ஓல்வேயஸ். 1982இன் இறுதியில் அந்நாட்டின் வடபகுதியில் சிறுவர் மூவர் தம்முயிரை மாய்த்துக்கொண்டனர். பகடிவதையே காரணமாயிருக்கலாம் என்ற செய்தி நாட்டை உலுக்கியது. 1983இல் நாடு தழுவிய இயக்கம் எழுந்தது. பெர்கன் நகரில் 42 பள்ளிகளைச் சேர்ந்த ஏறத்தாழ 2,500 மாணவரிடம் ஓல்வேயஸ் பெயர் எழுதாத வினாத்தாள் வழியே கேட்டார். துன்பம் பாதியளவு குறைந்ததெனக் கண்டார். வயது ஏற ஏறத் துன்பத்துக்கு ஆளாவோர் தொகை இயல்பாகவே குறையும். ஆகையால் இவ்வாண்டின் ஐந்தாம் வகுப்பைச் சென்ற ஆண்டின் ஐந்தாம் வகுப்போடுதான் அவர் ஒப்பிட்டார். இந்நுட்பம் நம் ஆசிரியர்கள் மனங்கொள்ளத்தக்கது.

ஆயின் அதே இயக்கத்தை ரோகாலாண்டு வட்டாரத்தில் ஆராய்ந்த எர்லிங் ரூலாண்டு அத்தகைய பயனைக் காணவில்லை. பெர்கனில் ஆய்வாளர் பள்ளிகளோடு உடனிருந்தனர். ரோகாலாண்டில் அத்துணை நெருங்கிய துணை இல்லை. கையேட்டை அனுப்பிவைப்பது மட்டும் திட்டமாகாது என்பதே இதனால் பெறப்படும் பாடம்.

பின்லாந்தின் 'கிவா' திட்டம், வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளைத் துன்புறுவோர் பக்கம் திருப்ப முயன்றது. 78 பள்ளிகளில் நடந்த சோதனையில் நற்பயன் தெரிந்தது. நாடெங்கும் விரிந்தபோது பயன் சிறுத்தது. பாரிங்டன், டோஃபி ஆகிய இருவரும் 44 மதிப்பீடுகளைத் தொகுத்து 2009இல் கண்ட முடிவு, இத்திட்டங்களால் பகடிவதை சராசரியாக 20 முதல் 23 விழுக்காடு குறைகிறது என்பதாகும். ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் நான்கு பங்கு எஞ்சுகிறது. பெற்றோர் கூட்டமும் ஓய்வு நேரக் கண்காணிப்பும் உள்ள திட்டங்களே கூடுதல் பயன் தந்தன என்றும் அவர்கள் கண்டனர்.

நிற்க. நம் நாட்டு நிலை என்ன? 2018ஆம் ஆண்டுப் பீசா ஆய்வில், மலேசியாவின் 15 வயது மாணவருள் 36 விழுக்காட்டினர் மாதத்தில் சில முறையேனும் பகடிவதைக்கு ஆளானதாகக் கூறினர். ஓஇசிடி நாடுகளின் சராசரி 23. கேட்டால் பிள்ளைகள் சொல்கிறார்கள்! 2025 ஜூலை 11 முதல் நடப்புக்கு வந்த தண்டனைச் சட்டத் திருத்தம் இக்கொடுமையைத் தனிக் குற்றமாக்கியது; வரவேற்கிறோம். எனினும் பத்து வயதுக்குட்பட்ட பிள்ளையின் செயல் குற்றமாகாது என்பதும் அச்சட்டத்தின் விதியே. தொடக்கப் பள்ளியின் கீழ்வகுப்புகளில் காவல் அதிகாரி செய்ய இயலாததை ஆசிரியர்தான் செய்தாக வேண்டும்.

இங்கே என் குறையையும் சொல்லிவிடுகிறேன். கிள்ளானை ஒட்டிய தோட்டப் பள்ளி எங்களுடையது. தோட்டம் வீடமைப்பாகி வெகு நாளாயிற்று, பெயர்தான் எஞ்சியிருக்கிறது. பிள்ளைகள் வேனில் வருகிறார்கள். ஓராண்டு எங்கள் பகடிவதைப் பதிவேட்டில் சுழியம். அதனைப் பெருமையோடு ஆண்டறிக்கையில் எழுதினேன். அதே ஆண்டில் நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் புறப்பாட நடவடிக்கை நடக்கும் புதன்கிழமைதோறும் வயிற்றுவலியென்று வராதிருந்தான். அவன் பாட்டி ஒருநாள் வந்து, "ஐயா, வேன்ல இவன் நெறத்தச் சொல்லியே கூப்புடுறாங்களாம். புதன்கிழம பெரிய பசங்களும் ஒன்னாத் திரும்புற நாளாம்" என்றார். பள்ளி வாயிலுக்கு வெளியே நின்ற வேன் என் பதிவேட்டுக்கும் வெளியே நின்றது.

அதன்பின் நாங்கள் பிள்ளைகளிடம் பெயரின்றிக் கேட்டோம். வேன், கழிப்பறை, சிற்றுண்டிச்சாலை வரிசை என இடங்கள் வெளிவந்தன. ஆசிரியர் நிற்காத இடங்கள் அவை. பிள்ளைகள் துணிந்து முறையிடவும் தொடங்கினர். மறு ஆண்டு பதிவேட்டில் எண்ணிக்கை ஏறியது. "ஏன் கூடிற்று?" என்று விளக்கம் கேட்டார்கள், சுழியம் எழுதிய ஆண்டில் எவரும் கேட்கவில்லை. உண்மையை அளப்பவனுக்குக் கேள்வியும் அளக்காதவனுக்குப் பாராட்டும் கிடைக்குமாயின், எந்தத் தலைமையாசிரியர் அளக்க முன்வருவார்? நம் மதிப்பீட்டு முறையின் அடிப்படைக் குறை இதுவே.

செய்ய வேண்டுவன சிலவே. ஆண்டுதோறும் ஒரே மாதத்தில், தமிழில், பெயரில்லா வினாத்தாள் கொடுக்க வேண்டும். எட்டுப் பேர் அமரும் வகுப்பில் கையெழுத்தே ஆளைக் காட்டிவிடும். ஆகவே குறியிடும் விடைகளே போதும். அறுபது பிள்ளைகள் உள்ள பள்ளியில் ஓரிருவர் மாறினாலும் விழுக்காடு துள்ளும். எனவே கிள்ளான் வட்டாரச் சிறு பள்ளிகள் தம் கணக்கை ஒன்றுசேர்த்துப் பார்த்தல் நலம். நகர்ப்புறப் பெரிய பள்ளிகள் தனித்தே செய்யலாம். முறையீடுகளின் தொகையை வைத்துப் பள்ளியைத் தரம் பிரிக்கும் வழக்கம் ஒழிய வேண்டும். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் வேன் ஓட்டுநர்க்கும் ஓர் இருக்கை வேண்டும்.

அந்தச் சிறுவன் இப்பொழுது புதன்கிழமையும் வருகிறான். வேனில் முன்னிருக்கையில் அமர்கிறான். பழைய பட்டப்பெயர் அடியோடு ஒழிந்துவிட்டதென்று நான் எழுதமாட்டேன். அடுத்த வினாத்தாளில் அவனே சொல்லட்டும்.